பழைய கணினி விளையாட்டுகள் பிழைத்த விதம்

1980களிலும் 90களின் முதற்பாதியிலும் ஐபிஎம் பிசிக்காக எழுதப்பட்ட விளையாட்டுகளை இன்றைய 64 பிட் விண்டோஸில் அப்படியே ஓட்ட முடியாது. ஃப்ளாப்பியில் இருந்த கோப்புகள் ஒரு பைட்கூடக் கெடாமல் கைக்குக் கிடைத்தாலும் இதுதான் நிலைமை. அன்றைய டாஸ் இயங்குதளம் கோப்புகளைத் திறக்கவும் சேமிக்கவும் உதவியது. ஒலிக்கும் வேகமான வரைகலைக்கும் அதனால் பெரிய பயன் இல்லை. ஆகவே விளையாட்டு எழுதியவர்கள் டாஸைத் தாண்டி வன்பொருளோடு நேராகவே பேசினார்கள். திரையின் நினைவகத்தில் தாங்களே புள்ளிகளை எழுதினார்கள். சவுண்ட் பிளாஸ்டர் அட்டை எந்த போர்ட்டில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கு நேரடியாகக் கட்டளையிட்டார்கள். செயலியின் வேகத்தையே கடிகாரமாக நம்பியவர்களும் உண்டு. 1981இல் வந்த பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதை நம்பிய விளையாட்டுகள் வேகமான பிசிக்களில் கண்மண் தெரியாமல் ஓடின. வேகத்தைக் குறைப்பதற்கென்றே கணினிப் பெட்டியின் முகப்பில் டர்போ பொத்தான் வைக்க வேண்டியிருந்தது. இதை அலட்சியம் என்று சொல்வது நியாயமில்லை. 640 கிலோபைட் நினைவகத்துக்குள் அத்தனை வண்ணத்தையும் அசைவையும் கொண்டுவர வேறு வழி அவர்களுக்கு இல்லை. ஆனால் எந்த நெருக்கம் அந்த விளையாட்டுகளைச் சிறப்பாக்கியதோ, அதுவே அவற்றை ஒரு குறிப்பிட்ட பொறியோடு கட்டிப்போட்டது. அதனால் நகல்களைப் பத்திரப்படுத்துவது பாதி வேலைதான். விளையாட்டு எதிர்பார்க்கும் பொறியை யாராவது படித்துப் புரிந்துகொண்டு மறுபடி கட்டினால்தான் அது பிழைக்கும் என்பது என் வாதம்.

இதற்கு முதல் சான்று, எளிதாகப் பிழைத்த விளையாட்டுகள். 1979இல் தொடங்கிய இன்ஃபோகாம் நிறுவனம் ‘ஸோர்க்’ என்ற உரை விளையாட்டை விற்க முயன்றபோது, சந்தையில் ஆப்பிள் II, டிஆர்எஸ்-80 என ஒன்றோடொன்று ஒத்துப்போகாத கணினிகள் பல இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதுவதற்குப் பதிலாக, ஸெட்-மெஷின் என்ற கற்பனைப் பொறி ஒன்றை வடிவமைத்து விளையாட்டை அதற்காக எழுதினார்கள். அந்தக் கற்பனைப் பொறியைப் போல நடந்துகொள்ளும் சிறிய நிரல் ஒன்றை மட்டும் ஒவ்வொரு கணினிக்கும் எழுதினால் போதும். 1987இல் ‘மேனியாக் மேன்ஷன்’ விளையாட்டுக்காக ரான் கில்பர்ட்டும் ஆரிக் வில்மண்டரும் உருவாக்கிய ஸ்கம் என்ற மொழியும் இதே பாதையில் வந்தது. இரண்டையும் தூண்டியது வணிக வசதிதான். ஆனாலும் அந்த முடிவே பிற்காலத்தில் விளையாட்டுகளைக் காத்தது. ஸ்வீடன்காரரான லுட்விக் ஸ்ட்ரிகியஸ் 2001இல் ஸ்கம்விஎம்மைத் தொடங்கினார். ஸ்கம் கட்டளைகளை வாசிக்கும் நிரலைப் புதிதாக எழுதியதும், ‘மங்கி ஐலண்ட்’ போன்ற விளையாட்டுகள் அவற்றை உருவாக்கியவர்கள் கனவிலும் எண்ணியிராத கருவிகளில் ஓடத் தொடங்கின.

பொறியோடு கட்டுண்ட மற்ற விளையாட்டுகளுக்கு இந்தக் குறுக்குவழி இல்லை. அவற்றுக்காகப் பொறி முழுவதையுமே மென்பொருளாகக் கட்ட வேண்டியிருந்தது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, டாஸின் மேல் நின்ற பழைய விண்டோஸ் வரிசையை வீட்டுக் கணினிகளிலிருந்து ஓய்வுபெறச் செய்தது. மறு ஆண்டே நெதர்லாந்துக்காரர்கள் இருவரின் டாஸ்பாக்ஸ் வெளிவந்தது. செயலி, விஜிஏ திரை, சவுண்ட் பிளாஸ்டர், டாஸ் எல்லாமே அதில் நிரலாக இருக்கின்றன. செயலியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் டர்போ பொத்தானின் வேலையும் அதிலேயே முடிந்துவிடுகிறது.

இயங்குதளம் செய்த நிறுவனங்களே பழைய நிரல்களைப் பேணவில்லையா என்று கேட்கலாம். பேணின. ‘சிம்சிட்டி’யின் விண்டோஸ் பதிப்பில் ஒரு பிழை இருந்தது, திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தையே அது மறுபடி வாசித்தது. விண்டோஸ் 3இல் அது தப்பித்துக்கொண்டது. விண்டோஸ் 95இல் முறிந்துபோகும் என்று கண்டதும், ஓடுவது சிம்சிட்டியா என்று பார்த்து, ஆம் என்றால் நினைவகத்தை உடனே விடுவிக்காமல் வைத்திருக்கும்படி மைக்ரோசாஃப்ட் தன் இயங்குதளத்திலேயே தனி ஏற்பாடு செய்தது. அந்த அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், பிடித்த விளையாட்டு ஓடாவிட்டால் மக்கள் புதிய விண்டோஸை வாங்கத் தயங்குவார்கள் என்ற கணக்கில் நின்ற அக்கறை அது. கணக்கு மாறியதும் அதுவும் மாறியது. 64 பிட் விண்டோஸ் வந்தபோது பழைய 16 பிட் நிரல்களுக்கான வழி அடைபட்டது. செயலியின் 64 பிட் நிலையில் அதற்கான வசதி இல்லை என்பது உண்மையான காரணம்தான். ஆனால் டாஸ்பாக்ஸ் அந்த வசதி இல்லாமலேயே அதே கணினிகளில் வேலையைச் செய்துகாட்டியது.

இப்படிப் பொறியை மறுபடி கட்டுவது திருட்டுக்குத் துணைபோவது என்ற கண்டனம் இன்னொன்று. ஸ்கம்விஎம்மிலும் டாஸ்பாக்ஸிலும் வணிக விளையாட்டு எதுவும் அடங்கியிருக்கவில்லை. விளையாட்டின் கோப்புகளை ஆடுபவர்தான் கொண்டுவர வேண்டும். ரெவல்யூஷன் நிறுவனம் தன் 1994ஆம் ஆண்டு விளையாட்டான ‘பெனீத் எ ஸ்டீல் ஸ்கை’யின் மூலநிரலை ஸ்கம்விஎம் குழுவிடம் கொடுத்ததோடு, 2003இல் விளையாட்டையே இலவசமாக்கியது. 2008இல் போலந்தில் தொடங்கிய ஜிஓஜி கடை, உரிமையாளர்களின் அனுமதியோடு பழைய விளையாட்டுகளை விற்றபோது பெட்டிக்குள் வைத்தது பெரும்பாலும் இந்த இரண்டு நிரல்களையே. அதாவது, உரிமையாளர்கள் மறுபடி பணம் பார்க்க வழி திறந்தவர்கள் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள்.

மெருகேற்றிய புதுப்பதிப்பு வந்துவிட்டால் பழையது எதற்கு என்ற கேள்விதான் எனக்கு மிகக் கனமாகப் படுகிறது. வெஸ்ட்வுட் நிறுவனத்தின் ‘பிளேட் ரன்னர்’ 1997இல் வந்தது. அதன் மூலநிரல் பின்னர் தொலைந்துபோனது. விற்கப்பட்ட குறுவட்டில் இருந்த நிரலையே பிரித்துப் படித்துப் பல ஆண்டுகள் உழைத்த ஆர்வலர்களால் 2019இல் அது ஸ்கம்விஎம்மில் ஓடியது. அந்த ஆண்டு இறுதியிலேயே ஜிஓஜியில் விற்பனைக்கும் வந்தது. 2022இல் நைட்டைவ் நிறுவனம் மெருகேற்றிய பதிப்பை வெளியிட்டபோது பழையதைத் தனியாக வாங்கும் வழி நீக்கப்பட்டது. புதியதில் காட்சிகளின் நுட்பம் குலைந்துவிட்டதென ஆடியவர்கள் கொதித்தார்கள். பழைய பதிப்பு மீண்டும் கடைக்கு வந்தது. 1997இன் விளையாட்டை ஓடும் நிலையில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்ததால்தான் என்ன குலைந்தது என்று அவர்களால் காட்சி காட்சியாகச் சுட்டிக்காட்ட முடிந்தது.