நாணயத்தில் பேசுபவர் யார்? நினைவு நாணயங்களின் வடிவமைப்பும் ஒப்புதலும்: ஒரு மொழிநோக்கு

1. முன்னுரை

அரசு வெளியிடும் பனுவல்களுள் மிகச் சிறியது நாணயம். அதன் ஒரு பக்கத்தில் சில சொற்களுக்கே இடமுண்டு. அச்சடித்து வெளியிட்டபின் அவற்றைத் திருத்தவும் இயலாது. எனவே எச்சொல், எம்மொழியில், எவ்வெழுத்தில், எவ்விடத்தில் அமைய வேண்டும் என்பது உலோகத்தைத் தொடுமுன்பே முடிவு செய்யப்படுகிறது. நாணயவியலார் உலோகத்தையும் உருவத்தையும் காலத்தையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். வாசகத்தின் மொழி ஆராயப்படும் இடங்களில் பெரும்பாலும் ஒரே வினா எழுப்பப்படுகிறது: இன்ன மொழி நாணயத்தில் உள்ளதா, இல்லையா? 2024-இல் வெளியான கலைஞர் மு. கருணாநிதி நூற்றாண்டு நாணயத்தைப் பற்றிய விவாதமும் இவ்வினாவையே சுற்றி நடந்தது.

இவ்வினா போதுமானதன்று. நாணயத்தில் ஒரு மொழி இடம்பெறும்போது அம்மொழியில் பேசுபவர் யார் என்பதும் வினவப்பட வேண்டும். நாட்டின் பெயரையும் மதிப்பையும் வெளியிடும் அரசே பேசலாம், நினைவுகூரப்படுபவரும் பேசலாம். இவ்விரண்டும் வெவ்வேறு கூற்றுகள். இவ்வேறுபாட்டைக் கொண்டு நினைவு நாணயம் உருவாகும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. எல்லை நிலம் கண்ட நாணயங்கள்

திருப்பதிக்கும் புத்தூருக்கும் இடைப்பட்ட வடமாலபேட்டை, தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் நிலப்பகுதியைச் சேர்ந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த எல்லைச் சீரமைப்பில் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. வடமாலபேட்டை ஆந்திரத்திலேயே நின்றது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. இருமொழி வழங்கும் இத்தகைய நிலத்தில் நாணயத்தின் மொழி எவ்வாறு மாறி வந்தது என்பது பின்வரும் ஆய்வுக்கு நல்ல பின்புலமாகும்.

சந்திரகிரியைத் தலைநகராகக் கொண்டிருந்த விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதியின் பொன் வராகனில் ஒரு பக்கம் வேங்கடேசுவரரின் நின்ற திருவுருவம் உள்ளது. மறுபக்கத்தில் அவருக்கு வணக்கம் கூறும் வடமொழித் தொடர் நாகரி எழுத்தில் உள்ளது. திருமலையின் அடிவாரத்தில் வழங்கிய தமிழோ தெலுங்கோ அதில் இல்லை. பேசுபவர் அரசர்; ஆனால் குடிகளை நோக்கியன்றித் தெய்வத்தை நோக்கியே பேசுகிறார். அக்கூற்றுக்கு வட்டார மொழி தேவைப்படவில்லை.

1808-ஐ ஒட்டிச் சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினியார் வெளியிட்ட அரை வராகன், கால் வராகன் வெள்ளி நாணயங்களின் நிலை வேறு. ஒரு பக்கத்தில் கோபுரத்தைச் சுற்றி ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும், மறுபக்கத்தில் திருமால் உருவத்தைச் சுற்றித் தமிழிலும் தெலுங்கிலும் நாணயத்தின் மதிப்பு பொறிக்கப்பட்டது. இங்கு நான்கு மொழியிலும் பேசுபவர் வெளியிடுபவரே; கேட்பவர் சந்தையில் நாணயத்தை வாங்கிக் கொடுப்பவர். பயன்பாட்டுத் தேவையே மொழியைத் தீர்மானித்தது எனலாம்.

1835-இல் கும்பினி ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே சீரான நாணய முறை வந்தபோது தமிழும் தெலுங்கும் மறைந்தன. பின்னர் 1907 முதல் வெளியான ஓரணா நாணயத்தில் மதிப்பு ஆங்கிலம், நாகரி, வங்காளம், தெலுங்கு, உருது ஆகிய எழுத்துகளில் இடம்பெற்றது. தெலுங்கு திரும்பியது, தமிழ் திரும்பவில்லை. ஒரே சந்தையில் புழங்கிய இருமொழியாளருள் ஒரு சாரார் தம் எழுத்தைக் காசில் கண்டனர், மறுசாரார் காணவில்லை. குடியரசு காலத்தில் அவ்வணாவும் வழக்கொழிந்தது. நாணயத்தின் மொழிகள் இந்தியும் ஆங்கிலமும் என்றாயின. 1957-இல் பதின்ம முறை புகுந்தபோது, புதிய பைசா என்பது ரூபாயின் நூறில் ஒரு பங்கு என்னும் விளக்கமும் அக்காசில் இந்தியிலேயே தரப்பட்டது.

3. சொல்லால் வரையப்படும் வடிவம்

குடியரசு இந்தியாவின் நினைவு நாணய மரபு 1964-இல் சவகர்லால் நேருவின் மறைவை ஒட்டித் தொடங்கியது. அவ்வாண்டு வெளியான ஐம்பது பைசா நாணயம் இரு வகையாக அமைந்தது. ஒன்றில் நேருவின் பெயர் ஆங்கிலத்திலும் மற்றதில் இந்தியிலும் பொறிக்கப்பட்டது. ஒரே மதிப்புடைய காசுக்கு மொழிவாரியாக இரு அச்சுகள் செய்ய முடியும் என்பதற்கு இது சான்று. இவ்வழி பின்னர்த் தொடரவில்லை. இரு மொழியையும் ஒரே விளிம்பில் அமைப்பதே வழக்காயிற்று.

இன்று நினைவு நாணயங்கள் 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்கீழ் வெளியிடப்படுகின்றன. 1906-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த இச்சட்டம், ஆயிரம் ரூபாய்க்கு மேற்படாத நாணயங்களின் மதிப்பு, அளவு, உலோகம், வடிவமைப்பு ஆகியவற்றை நடுவணரசின் விதிகளுக்கு விட்டுவிடுகிறது. மாநில அரசோ நிறுவனமோ நூற்றாண்டுக் குழுவோ கோரிக்கை விடுக்கும். நிதியமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை அதனை ஆராயும். மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் நாணயச்சாலைகள் உள்ளன. அவற்றின் கலைஞர்கள் வரைவைத் தீட்டுவர். ஒப்புதலுக்குப்பின் ஒவ்வொரு நாணயத்திற்கும் தனி விதித்தொகுப்பு அரசிதழில் வெளியிடப்படும்.

மொழியியலார் கருதத்தக்கது இவ்விதித்தொகுப்பே. அதில் வட்டத்தின் குறுக்களவு, விளிம்பு வரிகளின் எண்ணிக்கை, உலோகக் கலவை ஆகியவற்றை அடுத்து, நாணயத்தின் இரு பக்கங்களும் சொற்களால் வரையப்படுகின்றன. நடுவில் அசோகத் தூணின் சிங்கமுகம், அதன்கீழ் ‘சத்தியமேவ சயதே’, இடப்புற விளிம்பில் ‘பாரத்’, வலப்புற விளிம்பில் ‘இந்தியா’ என்னும் ஆங்கிலச் சொல், கீழே ரூபாய்க் குறியீடும் எண்ணும் என முன்பக்கம் ஒரே வாய்பாட்டில் விவரிக்கப்படும். பின்பக்கத்தின் உருவமும் வாசகமும் மட்டுமே நாணயத்திற்கு நாணயம் மாறும். சட்டத்தின் பார்வையில் வடிவமைப்பு என்பது முதலில் ஒரு வாக்கியம். ஓவியம் அவ்வாக்கியத்திற்கு உட்பட வேண்டும்.

இவ்வாய்பாட்டில் ஒரு சமனின்மை உண்டு. ஒரு சொல் ‘தேவநாகரி எழுத்தில்’ அமையும் என்றும், மற்றது ‘ஆங்கிலத்தில்’ அமையும் என்றும் கூறப்படுகிறது. முன்னதில் எழுத்தும் பின்னதில் மொழியும் பெயர் பெறுகின்றன. எழுத்து, மொழி என்னும் இருவேறு வகைப்பாடுகள் ஒரே தொடரில் ஒன்றுக்கொன்று நிகராக நிற்கின்றன. இத்தகைய விதிகளைத் தமிழாக்குவோர் ‘இந்தியில்’ என எளிதாக மாற்றிவிடுதல் கூடாது. ‘சத்தியமேவ சயதே’ வடமொழித் தொடர். அது இந்தி வாசகமன்று.

1963-ஆம் ஆண்டு ஆட்சிமொழிகள் சட்டத்தின்படி நடுவணரசின் விதிகளும் அறிவிக்கைகளும் இந்தி, ஆங்கிலம் ஆகிய இரண்டிலும் வெளியாக வேண்டும். அரசிதழின் இருமொழிச் சட்டகமே நாணயத்தின் விளிம்பிலும் எதிரொலிக்கிறது எனக் கருதலாம். ரூபாய்த்தாளின் நிலை வேறு. அதில் இந்தி, ஆங்கிலம் தவிரப் பதினைந்து மொழிகளில் மதிப்பு எழுதப்படுகிறது; தமிழும் தெலுங்கும் அவற்றுள் அடங்கும். தாளில் மதிப்பைத் தமிழிலும் கூறும் நாடு, உலோகத்தில் அவ்வாறு கூறுவதில்லை.

4. பெயர் கடக்கும் வழி

தமிழ்ப் பெயர் ஒன்று பின்பக்க வாசகமாகும்போது அது இரு எழுத்துமுறைகளுக்குள் புக வேண்டும். பேரறிஞர் அண்ணா நூற்றாண்டு நாணயத்திலும் (2009) கலைஞர் நாணயத்திலும் சிறப்புப் பெயர்கள் மொழிபெயர்க்கப்படவில்லை, ஒலிபெயர்க்கப்பட்டன. இது ஏற்கத்தக்கதே. ‘கலைஞர்’ என்பது இங்குப் பொதுச்சொல் நிலையிலிருந்து நீங்கி இயற்பெயர்போல் வழங்குகிறது. 1995 சனவரியில் தஞ்சாவூரில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வெளியான நாணயங்களில் திருவள்ளுவருக்குத் துறவியைக் குறிக்கும் அடைமொழி சேர்க்கப்பட்டது. ‘திரு’ என்னும் உறுப்பு பெயருக்குள்ளேயே இருக்க, வெளியிலிருந்து மற்றோர் அடை வந்து சேர்ந்தது. பெயரை விளக்க முற்படும் அடைமொழி, பெயரில் இல்லாத பொருளையும் ஏற்றிவிடுகிறது.

ஒலிபெயர்ப்பில் எழும் இடர் நுட்பமானது. தமிழ் ஞகரத்தை உரோமன் எழுத்தில் ‘ஜி’, ‘என்’ என்னும் இரு எழுத்துகளை இணைத்து எழுதுதல் வழக்கம். அவ்வடிவம் தமிழறிந்தார்க்கு ஞகரமாகவே ஒலிக்கும். அதனையே மூலமாகக் கொண்டு தேவநாகரியில் எழுதினால், ஞகரம் ககரமும் னகரமுமாகப் பிளந்துவிடும். இந்தி நாளிதழ்களில் ‘கலைஞர்’ என்பது ‘கலைக்னார்’ எனப் படிக்கத்தக்க வடிவில் வழங்குவது இதனாலேயே. இத்தனைக்கும் தேவநாகரியில் ஞகரத்திற்கு நேரான எழுத்து உண்டு. ழகரம், றகரம் முதலியவற்றிற்கும் 1966-இல் மத்திய இந்தி இயக்குநரகம் வகுத்த விரிவாக்கத் தேவநாகரியில் குறிகள் உள்ளன. குறை எழுத்துமுறையில் இல்லை. பெயர் ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றி வருவதில் உள்ளது. தமிழிலிருந்து நேரே தேவநாகரிக்குச் சென்றால் இவ்விடர் நேராது.

வடிவமைப்புக்கு ஒப்புதல் வழங்கும் நிலையில் கோரிக்கை விடுத்தவர்களின் கவனம் பெரும்பாலும் உருவ ஒற்றுமையின்மீதே குவியும். முகம் பொருந்தவில்லையெனில் எவரும் சுட்டிவிடுவர். பெயரின் தேவநாகரி வடிவம் பிழைபட்டால் அதனைக் காண இரு எழுத்தும் அறிந்த ஒருவர் வேண்டும்.

5. கையொப்பமும் முழக்கமும்

அண்ணா நூற்றாண்டின் ஐந்து ரூபாய் நாணயத்தில் அவருடைய தமிழ்க் கையொப்பம் இடம்பெற்றது. கையொப்பம் எழுத்தாகவும் உருவமாகவும் இருக்கும் இரட்டைத் தன்மையது. அதனை மொழிபெயர்க்க இயலாது; வேறு எழுத்தில் பெயர்த்தால் அது கையொப்பமாகாது. அச்செழுத்தில் கோக்கவும் முடியாது. 1978-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறிய வடிவங்களுள் ‘ணா’வும் ஒன்று, அண்ணா 1969-இல் மறைந்தவர். அவர் கையால் எழுதியதை எழுதியவாறே படியெடுத்தல் ஒன்றே வழி. ஆகவே இருமொழி வாய்பாட்டைக் குலைக்காமல் தமிழ் எழுத்து நாணயத்திற்குள் புக முடிந்தது. வாசகமாக அன்றி, உருவத்தின் பகுதியாக அது நுழைந்தது.

2024 ஆகஸ்டு 18 அன்று சென்னைக் கலைவாணர் அரங்கில் பாதுகாப்பு அமைச்சர் இராசநாத் சிங் வெளியிட்ட கலைஞரின் நூறு ரூபாய் நாணயத்தில் ‘தமிழ் வெல்லும்’ என்னும் தொடர் பொறிக்கப்பட்டது. இது கையொப்பத்தினும் ஒரு படி முன்னேற்றம். பெயரன்று, வினைமுற்றோடு கூடிய முழு வாக்கியம். ஏழு எழுத்துகளில் மூன்று புள்ளி பெற்றவை. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் விடுபட்ட புள்ளி, உலோகத்தில் இன்றியமையாததாகிறது. அது தேய்ந்தால் ‘ழ்’ ‘ழ’வாகிவிடும்.

நாணயத்தில் இந்தி இடம்பெற்றதை அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி க. பழனிசாமி குறை கூறினார். நடுவணரசு வெளியிடும் நாணயங்களில் இந்தி இருப்பது வழக்கம் என்றும், அண்ணாவின் தமிழ்க் கையொப்பமும் கலைஞரின் தமிழ்த் தொடரும் நாணயத்தில் உள்ளன என்றும் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் விடை கூறினார். இருவர் கூற்றும் ‘உள்ளதா, இல்லையா’ என்னும் அளவிலேயே நின்றன. பேசுபவர் யார் என நோக்கினால் நிலை தெளிவாகும். இரு நாணயங்களிலும் தமிழில் பேசுபவர் நினைவுகூரப்படுபவர். அரசு தன் பெயரையும் மதிப்பையும் நூற்றாண்டுக் குறிப்பையும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கூறுகிறது. தமிழ் இங்கு மேற்கோள். வெளியிடுபவரின் சொந்தக் கூற்றன்று.

ஓராண்டுக்கு முன், 2023 ஆகஸ்டு 28 அன்று, குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு என்.டி. இராமராவின் நூறு ரூபாய் நாணயத்தை வெளியிட்டார். 44 மில்லிமீட்டர் குறுக்களவும் ஐம்பது விழுக்காடு வெள்ளியும் கொண்ட அதில் அவர் பெயர் தேவநாகரியில் பொறிக்கப்பட்டது. 1983-இல் திருப்பதித் தொகுதியில் வென்ற தலைவர் அவர். இத்தகைய நூறு ரூபாய் நாணயங்கள் சேகரிப்போருக்காக விற்கப்படுபவை. சந்தைப் புழக்கத்திற்கு வருவதில்லை. அண்ணாவின் ஐந்து ரூபாயோ கைமாறிப் புழங்கியது. தமிழ் முழு வாக்கியமாகப் பேசியது பேழைக்குள் இருக்கும் நாணயத்தில். சந்தைக்குச் சென்றது கையொப்பம் மட்டுமே.

6. முடிவுரை

வெளியிடுபவரே தமிழில் பேசும் நாணயங்கள் உலகில் இன்றும் உள்ளன. இலங்கை நாணயங்களில் நாட்டின் பெயர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் அமைகிறது. சிங்கப்பூர் நாணயங்களில் நாட்டின் பெயர் நான்கு மொழிகளில் உள்ளது. தமிழ் அவற்றுள் ஒன்று. இடமின்மை என்னும் காரணம் இவற்றின்முன் வலுவிழக்கிறது. கும்பினி காலத்துக் கால் வராகனே நான்கு மொழிகளைத் தாங்கியது.

இந்திய நினைவு நாணயங்களில் தமிழ் நுழைய முடியும் என்பதை 2009-உம் 2024-உம் காட்டியுள்ளன. அடுத்து எழும் வினா, நூற்றாண்டுக் குறிப்பையேனும் நினைவுகூரப்படுபவரின் மொழியில் அரசு தன் கூற்றாகக் கூறுமா என்பது. அதுவரை செய்யத்தக்க பணி ஒன்று மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உண்டு. கோரிக்கை அனுப்பும் நிலையிலேயே பெயரின் தமிழ் வடிவத்தையும், அதிலிருந்து நேரே பெயர்த்த தேவநாகரி வடிவத்தையும் உடன் இணைத்துத் தருதல் வேண்டும். விதி அரசிதழில் வந்தபின் எழுத்தைத் திருத்துவது அரிது. உலோகத்தில் பதிந்து வெளிவந்தபின் இயலவே இயலாது.