விட்டல்பாய் பட்டேல் வகித்த அவைத் தலைமை

1923-இல் ஆங்கில அரசு உப்பு வரியை இரட்டிப்பாக்கியது. மத்திய சட்டசபை அதை ஏற்க மறுத்தது. வைஸ்ராய் ரீடிங் பிரபு தமது தனி அதிகாரத்தால் சான்றிட்டு அதைச் சட்டமாக்கிவிட்டார். 1919-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியருக்கு அளித்த சபையின் வலிமை அவ்வளவே. உறுப்பினர்கள் மறுக்கலாம், மறுப்பு நிலைக்காது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் கயா காங்கிரஸில் ராஜாஜி முதலியோர் சட்டசபை நுழைவை எதிர்த்ததன் நியாயம் இதனால் விளங்கும். ஆனால் சித்தரஞ்சன் தாஸும் மோதிலால் நேருவும் சபையின் போலித்தன்மையை உள்ளே இருந்தே உலகறியச் செய்யலாம் என்று கருதினார்கள். 1923 ஜனவரியில் சுயராஜ்யக் கட்சி பிறந்தது.

அவ்வாண்டு இறுதியில் நடந்த தேர்தலில் கட்சி 42 இடங்களை வென்றது. ஜின்னா முதலிய சுயேச்சைகளின் துணையோடு 1924 பிப்ரவரியில் வட்டமேசை மாநாடு கோரும் மோதிலாலின் தீர்மானம் 76-க்கு 48 என்ற வாக்குகளில் நிறைவேறியது. மானியக் கோரிக்கைகளும் தோற்கடிக்கப்பட்டன. வைஸ்ராயின் சான்று மீண்டும் வந்து யாவற்றையும் நேராக்கியது. இவ்வெற்றிகளை நம் வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. என் மதிப்பில், இவற்றினும் ஆழமாக ஆட்சியை அசைத்தது விட்டல்பாய் பட்டேல் வகித்த அவைத் தலைமை.

1925 ஆகஸ்டு வரை அரசு நியமித்த பிரெடரிக் வைட் தலைவராக இருந்தார். அதன்பின் முதன்முறையாக அப்பதவிக்குத் தேர்தல் நடந்தது. சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியாரை 58-க்கு 56 என்ற கணக்கில் விட்டல்பாய் வென்றார். முட்டுக்கட்டை போடப் போன கட்சியின் தலைவர் ஒருவர் அந்தச் சபையையே நடத்த முன்வந்தது பலருக்கு உறுத்தியது. அவரோ கட்சித் தொடர்பை விலக்கி, எல்லாத் தரப்புக்கும் பொதுவானவராக அமர்ந்தார். தலைமையைத் தன் பக்கத்துத் துணையாகவே எண்ணிப் பழகிய அரசுக்கு அந்தப் பொதுநிலையே பெருந்தொல்லை ஆயிற்று.

1928-இல் வந்த பொதுப் பாதுகாப்பு மசோதா இதற்குச் சான்று. தொழிலாளர் இயக்கத்தில் பணியாற்றிய அயல்நாட்டுப் பொதுவுடைமையினரை நாடு கடத்த வழி செய்யும் மசோதா அது. செப்டம்பரில் வாக்குகள் இரு பக்கமும் சமமாக விழுந்தன. புதுச் சட்டம் வேண்டுவோர்தாம் சபையில் பெரும்பான்மையைத் திரட்ட வேண்டும். தலைவரின் வாக்கை நம்பி வரக் கூடாது என்று கூறி, விட்டல்பாய் அதை எதிர்த்து வாக்களித்தார். மசோதா வீழ்ந்தது.

அரசு விடவில்லை, அடுத்த ஆண்டு மீண்டும் கொண்டுவந்தது. இடையில், 1929 மார்ச் 20 அன்று, மீரட் சதி வழக்குக்காகத் தொழிற்சங்கத் தலைவர்கள் 31 பேர் கைது செய்யப்பட்டார்கள். மசோதாவுக்கு அரசு காட்டிய காரணமும் வழக்கின் குற்றச்சாட்டும் ஒன்றே. நீதிமன்ற விசாரணையில் இருப்பதைச் சபையில் விவாதிக்கக் கூடாது என்பது ஆங்கிலேயர் வகுத்த விதி. ஆகவே, வழக்கைத் திரும்பப் பெறுங்கள், இல்லையேல் மசோதாவைத் தள்ளிவையுங்கள் என்று தலைவர் கேட்டார். அரசு இரண்டுக்கும் இணங்கவில்லை. ஏப்ரல் 8 அன்று அவர் தீர்ப்புரைக்க எழுந்த வேளையில்தான் பகத்சிங்கும் படுகேஸ்வர தத்தும் குண்டு வீசினார்கள். அந்த வெடியோசையில் தீர்ப்பின் செய்தி அமுங்கிப்போனது நம் நினைவுக்கு நேர்ந்த குறை. ஏப்ரல் 11 அன்று அவர் அதை வாசித்தார்: மசோதா விவாதத்துக்கு ஏற்புடையதன்று.

உறுப்பினரின் மறுப்பை வைஸ்ராய் சான்றிட்டு மாற்றினார். தலைவர் விவாதத்துக்கே ஏற்காத மசோதாவை அவ்வாறு காக்கும் எளிய வழி அவருக்கு இல்லை. அப்போதைய வைஸ்ராய் இர்வின் பிரபு சபைக்கு வெளியே சென்று, ஆறு மாதமே ஆயுள் கொண்ட அவசரச் சட்டம் பிறப்பிக்க வேண்டியதாயிற்று. சபையின் ஒப்புதலோடு ஆள்கிறோம் என்ற பாவனையைத் தம் கையாலேயே கிழித்துக் காட்டினார். தாஸும் மோதிலாலும் 1923-இல் நாடிய பயன் முழுமையாகக் கைகூடியது அப்போதுதான்.

விட்டல்பாய் இன்னொன்றையும் பெற்றுத் தந்தார். சபையின் அலுவலர்கள் அதுவரை அரசின் சட்டத் துறையின் கீழ் இருந்தார்கள். அரசுக்குக் கட்டுப்பட்டவர் தலைவருக்கு நடுநிலையோடு யோசனை சொல்ல முடியாது என்று அவர் விடாமல் வாதாடினார். இதற்கான மோதிலாலின் தீர்மானத்தைச் சபை ஏற்றது. 1929 ஜனவரியில் தலைவரின் கீழ் தனிச் செயலகம் அமைந்தது. 1930 ஏப்ரலில், உப்புச் சத்தியாக்கிரகம் நாடெங்கும் நடந்தபோது, அவர் பதவியைத் துறந்து, பின்னர் சிறை சென்றார். அந்தச் செயலகம் நிலைத்தது. இன்றைய மக்களவைச் செயலகம் அதன் வழிவந்ததே.