திதியும் கிழமையும்: இலங்கையின் விடுமுறை வரலாறு

அட்டமி, சதுர்த்தசி நாட்களில் நோன்பு நோற்கும் இல்லங்களில் நாட்காட்டியை இரு முறை பார்ப்பது வழக்கம். நோன்பு திதியைப் பற்றி வரும். பள்ளியும் அலுவலகமும் கிழமையைப் பற்றி நடக்கும். இவ்விரண்டையும் ஒன்றாக்க ஒரு நாடே முயன்றது உண்டு. அந்நாடு இலங்கை.

பூரணை, அமாவாசை, அவற்றின் இடையே வரும் இரண்டு அட்டமிகள் ஆகிய நான்கும் இலங்கைப் பௌத்தர்களுக்குச் சீலம் காக்கும் நாட்கள். இவற்றைப் ‘போயா’ என்பர். ‘உபோசதம்’ என்னும் பாலிச் சொல்லின் திரிபே போயா. சமண நூல்கள் கூறும் ‘போசதம்’ அதற்கு உறவான சொல்லாகும்.

ஐரோப்பியர் ஆட்சியில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாளாக வேரூன்றியது. பௌத்தர்களின் தலையாய திருநாளான வைகாசிப் பூரணைக்கும் விடுமுறை இல்லாதிருந்தது. பிரம்மஞான சபையின் தலைவர் ஆல்காட் 1884-ஆம் ஆண்டு இலண்டன் சென்று பௌத்தர்களின் குறைகளை எடுத்துரைத்தார். அதன் பயனாக 1885-ஆம் ஆண்டு முதல் அந்நாள் பொது விடுமுறையாயிற்று.

விடுதலை பெற்றபின் எல்லாப் போயா நாட்களுக்கும் விடுமுறை வேண்டும் என்னும் கோரிக்கை வலுத்தது. டட்லி சேனநாயக்கா அரசு 1965-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டத்தை இயற்றியது. 1966 சனவரி முதல் ஞாயிறு வார ஓய்வுநாளாக இல்லாது போயிற்று. போயா நாள் முழு விடுமுறையாகவும், அதன் முந்திய நாள் அரை விடுமுறையாகவும் அமைந்தன.

ஆனால் சந்திர மாதம் ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாட்களைக் கொண்டது. அதனை நான்காகப் பகுத்தால் ஒவ்வொரு பகுதியும் ஏழு நாட்களில் அடங்குவதில்லை. ஆகவே சில வாரங்கள் எட்டு நாட்களாக நீண்டன. ஓய்வுநாள் எந்தக் கிழமையில் வரும் என்பதைப் பஞ்சாங்கம் பார்த்தே அறிய வேண்டியிருந்தது. உலகின் பிற நாடுகள் திங்கள் முதல் வெள்ளி வரை வாணிகம் செய்ய, இலங்கையின் வேலைநாட்கள் அவற்றோடு பொருந்தவில்லை. ஞாயிறு வழிபாட்டுக்குச் செல்லும் கிறித்தவர்களுக்கோ அது வேலைநாளாக அமைந்தது. ஒரு சாராரின் நீண்டநாள் குறை நீங்கியபோது மற்றொரு சாராருக்குக் குறை பிறந்தது.

சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு 1971-ஆம் ஆண்டு புதிய சட்டம் இயற்றிச் சனி, ஞாயிறு விடுமுறையை மீண்டும் கொணர்ந்தது. எனினும் பூரணைப் போயாவைக் கைவிடவில்லை. இன்றும் ஆண்டுக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பூரணைகள் அங்கு விடுமுறை நாட்களாக உள்ளன. அந்நாட்களில் மதுக்கடைகளும் இறைச்சிக் கடைகளும் மூடப்படுகின்றன. தைப்பொங்கல், சிவராத்திரி, தீபாவளி, நோன்புப் பெருநாள், கிறித்துமசு ஆகியனவும் விடுமுறைப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

ஐந்தாண்டு முயற்சி முற்றிலும் வீணானது என்று கூறுவதற்கில்லை. பலர் வாழும் நாட்டில் ஒருவர் நோன்பு பிறர் வழிபாட்டுக்கு இடையூறாகாமல் அமையவேண்டும் என்பதை அது உணர்த்தியது. அமாவாசைக்கும் அட்டமிக்கும் அரசு விடுமுறை நீங்கியது. சீலம் காப்போர் அந்நாட்களை மறந்தாரில்லை. அரசு தருவது ஓய்வு. நோன்பைத் தருவது உள்ளத்து உறுதியே.