முனை முறிந்த ஆயுதமும் கொல்லனின் குற்றிலும்

அருங்காட்சியகப் பேழையில் உள்ள ஓர் அம்புமுனையைக் காண்போர், அது செய்யப்பட்ட நாளில் இருந்த வடிவிலேயே இன்றும் இருப்பதாக எண்ணுகின்றனர். ஆய்வாளர் பலரும் அவ்வாறே கருதி வகைப்படுத்துகின்றனர். ஆனால் வேட்டுவனின் கையில் அம்புமுனை ஒருமுறை செய்யப்பட்டுப் பலமுறை செப்பனிடப்பட்ட பொருள். எலும்பில் பட்டால் அதன் நுனி முறியும். குறி தவறிப் பாறையில் பட்டால் சிதையும். எஞ்சிய பகுதி மீண்டும் கூராக்கப்படும்.

தொல்லியலில் இதற்கு 'ஃபிரிசன் விளைவு' என்று பெயர். கற்கருவிகள் பயன்பாட்டிலும் மறுகூராக்கத்திலும் வடிவம் மாறுவதை அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் ஃபிரிசன் 1968இல் சுட்டிக்காட்டினார். 1986இல் ஃபிளெனிக்கன், ரேமண்ட் இருவரும் ஒரே வகைக் கல்முனைகளைச் செய்து, எறிந்து, சிதைந்தவற்றைச் செப்பனிட்டுப் பார்த்தனர். அவற்றுள் சில வேறு வகையாகக் கணக்கிடத்தக்க வடிவை அடைந்தன. அவ்வாறாயின், தனித்தனிப் பண்பாடுகளின் அடையாளமாக நாம் கொள்ளும் சில வகைகள் ஒரே கருவியின் இளமையும் முதுமையுமாக இருக்கக்கூடும்.

நம் நிலத்துக்கும் இக்கேள்வி பொருந்தும். திருநெல்வேலித் தேரிகளின் நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னரும் ஆல்ச்சினும் 1956இல் எழுதினர். மும்பைக் கரையோர நுண்கற்கருவிகளைப் பற்றிய டாடின் கட்டுரை அதற்கு முன்பே, 1950இல் வெளிவந்தது. சிறு கற்சில்லுகளைப் பிசினால் தண்டில் பதித்த கருவியில் செப்பனிடும் முறையே வேறு: முறிந்த சில்லைப் பெயர்த்துவிட்டுப் புதியதைப் பதித்தால் போதும். பெயர்த்தெறிந்த சில்லு மட்டுமே நமக்குச் சான்றாக எஞ்சும்.

இரும்பு வந்தபின் நிலைமை மாறியது. கல் தேயுமே தவிர வளராது. இரும்பையோ காய்ச்சி அடித்து நீட்டலாம், வளைந்ததை நிமிர்த்தலாம், தோய்ச்சல் கொடுத்து மீண்டும் கடினமாக்கலாம். ஆனால் அந்த வேலையின் தடயங்களைத் துரு தின்றுவிடுகிறது. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த இரும்புப் படைக்கலங்களின் மேற்பரப்பில் சாணைக்கீறலைத் தேடுவது எளிதன்று.

இங்கே இலக்கியம் துணை வருகிறது. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் பாடியதாகக் கூறப்படும் புறநானூற்று 95ஆம் பாடல் இரு படைக்கலக் குவியல்களை ஒப்பிடுகிறது. தொண்டைமானுடையவை பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பெற்று, காவலுடைய மாளிகையில் இருக்கின்றன. அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன. பாடல் பேசுவது வேலை; அம்பை அன்று. எனினும் சிதைந்த முனை கொல்லனிடம் திரும்பும் வழி இரண்டுக்கும் பொதுவே. அப்பட்டறைக்குப் பாடல் ஆளும் சொல் 'குற்றில்'. குறுமையும் 'இல்'லும் சேர்ந்த சொல் அது. உரைகள் கொட்டில் என்று பொருள் கொண்டாலும், தொழிலிடத்தின் பெயருக்குள் வீடு இருப்பது கருதத்தக்கது.

தோல் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து குடியேறியோரின் தெருக்களில், வீடும் பட்டறையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதை இன்றும் காணலாம். அங்கே பழுது பார்ப்பது உற்பத்தியின் பகுதியே. நம் தொழில்நுட்ப வரலாறுகளோ செய்தவனைத் தேடுகின்றன, செப்பனிட்டவனைக் கேட்பதில்லை.

ஔவையின் ஒப்பீடு ஆய்வுமுறைக்கும் ஓர் எச்சரிக்கை. முழுமையாகவும் அழகாகவும் இருப்பவற்றையே காட்சிக்கும் அளவீட்டுக்கும் தேர்ந்தெடுக்கும்போது, நாம் தொண்டைமானின் மாளிகையை மட்டும் கணக்கெடுக்கிறோம். அதிகம் உழைத்தவை விடுபட்டுப் போகின்றன. அம்புமுனைகளை ஆவணப்படுத்தும் மாணவர்கள் நீளம், அகலம், எடையோடு நிறுத்தாமல், இருபுறச் சமச்சீர், நுனியின் கோணம், காம்புக்கும் அலகுக்கும் உள்ள விகிதம் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். காம்பு பெரிதாகவும் அலகு குறுகியும் இருந்தால், அதைப் புதிய வகையாக அறிவிக்கும் முன், பலமுறை தீட்டப்பட்டதா என்று கேட்டுப் பாருங்கள்.