நத்தம்: குடியிருந்தவர் சொல்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை போகிற வழியில் நத்தம்பட்டி என்று ஓர் ஊர் உண்டு. பஸ்ஸில் போகிறவருக்கு அது ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வீடு தேடி அலைகிறவருக்கோ அந்தப் பெயரின் முன்பாதி வயிற்றில் புளியைக் கரைக்கும். வெளியூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மலையடிவாரத்தில் ஓட்டு வீடு ஒன்று வாங்கிப் போடலாம் என்று வருகிறார். வீடு பிடித்துவிடுகிறது, விலையும் படிந்துவிடுகிறது. கடைசியில் தரகர் மெதுவாகச் சொல்கிறார்: "இது நத்தம் சார்."

நத்தம் என்றால் கிராமத்தில் குடியிருக்க ஒதுக்கிய நிலம். உழுகிற நிலம் வேறு, மேய்ச்சல் நிலம் வேறு, வீடு கட்டி வாழ்கிற நிலம் இது. குறள் 235-இலும் நத்தம் என்ற சொல் வருகிறது. அதை 'நந்து' என்னும் வினையிலிருந்து வந்ததாகக் கொண்டு, ஆக்கம் என்று உரை சொல்கிறார் பரிமேலழகர். குடி பெருகிய இடம்தான் நத்தமாயிற்று என்று முடிச்சுப் போட ஆசை வரும். ஆசை சான்றாகாது. அகராதியை விடக் கல்வெட்டுத்தான் இங்கே உறுதியான துணை.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் (985–1014) கொடுத்த ஊர்களின் பட்டியல் அங்கே கல்லில் இருக்கிறது. ஒவ்வோர் ஊரின் மொத்த நிலத்தையும் சொல்லிவிட்டு, இறை கட்ட வேண்டாத நிலத்தைக் கழிக்கிறார்கள். கழிவுக் கணக்கில் ஊர் நத்தம் வருகிறது. குளம், கோயில், வாய்க்கால், சுடுகாடு ஆகியவையும் வருகின்றன. விளைகிற நிலத்துக்கு வரி, வாழ்கிற நிலத்துக்கு வரியில்லை என்பது கணக்கு. அதே பட்டியலில் பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் நத்தத்தோடு சேராமல் தனித்தனியே எண்ணப்படுகின்றன. நத்தம் என்ற சொல் ஊரை மட்டும் குறிக்கவில்லை, ஊரின் பிளவையும் குறித்தது. அந்தக் கோடு அழியவில்லை. 'ஆதிதிராவிடர் நத்தம்' என்ற வகை வருவாய்க் கணக்கில் பின்னாளிலும் தனியாகவே தொடர்ந்தது.

குடி பெயர்ந்து போனாலும் சொல் போகாது. ஆளில்லாத பழைய குடியிருப்பு மேடுகளைத் தமிழகத்தின் பல ஊர்களில் நத்தமேடு என்றே சொல்கிறார்கள். கறுப்பு சிவப்புப் பானை ஓடு தேடுகிற தொல்லியலாளருக்கு அந்தப் பெயரே முதல் தடயம்.

வெள்ளைக்காரர் காலத்து ரயத்துவாரி அளவையும் பழைய கணக்கைப் பெரிதாக மாற்றவில்லை. அரசுக்கு வேண்டியது தீர்வை. தீர்வை தராத நிலத்தை நுணுக்கமாக அளந்து என்ன பயன்? வயலுக்கு வயல் எண் கொடுத்தவர்கள், ஊரை மொத்தமாக ஒரே சர்வே எண்ணுக்குள் அடைத்தார்கள். நூறு வீடு இருந்தாலும் வரைபடத்தில் அது ஒரே கட்டம். தீர்வைப் பதிவேட்டுக்கு வெளியே நின்ற நிலத்துக்குப் புறம்போக்கு என்று பெயர். அந்தப் பெயர் நத்தத்தோடும் ஒட்டிக்கொண்டு 'நத்தம் புறம்போக்கு' ஆனது. அங்கிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. புறம்போக்கு என்றாலே சர்க்கார் இடம் என்று காதில் விழும். ஆனால் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமே, எவையெல்லாம் அரசின் சொத்து என்று அடுக்குகிற இடத்தில் வீட்டுமனையையும் கொல்லையையும் விலக்கி வைத்திருக்கிறது. நத்தத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர் ஆக்கிரமிப்பாளர் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது.

எண் இல்லாத வீட்டை எப்படி விற்றார்கள், வாங்கினார்கள்? பழைய கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தைப் பார்த்தால் தெரியும். வடக்கே இன்னார் வீடு, தெற்கே பொது முடுக்கு, கிழக்கே தெரு, மேற்கே இன்னார் மாட்டுத் தொழுவம் என்று நான்கு எல்லை. கீழ்மேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி. வடபுறச் சுவர் பொதுச்சுவர். கதவு, நிலை, ஜன்னல், மாமூல் வழிநடைப் பாத்தியம் எல்லாம் சேர்த்தி. அண்டை வீட்டார்தான் எல்லைக்கல். ஜில்லாவின் பெயர் மாறியிருக்கிறது: ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா பத்திரங்களில் 1910-க்கு முன் திருநெல்வேலி, பிறகு ராமநாதபுரம், 1985-க்குப் பின் காமராஜர் மாவட்டம், 1997-க்குப் பின் விருதுநகர். வீடு இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை.

இது நம் ஊர்க் கூத்து மட்டுமல்ல. இங்கிலாந்தில் நிலப் பதிவகம் 1862-இலேயே ஏற்பட்டது. ஆனால் வீடு விலைக்குக் கைமாறும்போது உரிமையைப் பதிந்தே ஆக வேண்டும் என்பது நாடு முழுக்கக் கட்டாயமானது 1990 டிசம்பரில்தான். தலைமுறையாகக் கைமாறாத கிராமத்து வீடுகளுக்கு அங்கேயும் பழைய பத்திரக் கட்டுதான் ஆதாரம். ஒரு வேறுபாடு உண்டு. அங்கே பதிவாவது உரிமை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி இங்கே பதிவாவது பத்திரம். எழுதிக் கொடுத்தவருக்கு எழுதிக் கொடுக்கும் உரிமை இருந்ததா என்பதை வாங்குகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நத்தத்துக்குள் அளவைச் சங்கிலி நுழைந்தது வெகு தாமதமாகத்தான். நத்தம் நிலவரித் திட்டம் வந்து, ஒரே கட்டமாக இருந்த ஊரை மனை மனையாகப் பிரித்து எண் போட்டது. முதலில் தோராயப் பட்டா, ஆட்சேபணை கேட்டுத் தீர்த்தபின் தூய பட்டா. அண்ணன் தம்பி வாய்மொழியாகப் பங்கு பிரித்த வீடுகள் மூத்தவர் பேரில் ஏறியதும், முடுக்கு யாரோ ஒருவர் மனைக்குள் போனதும் அப்போது நடந்தவை. இத்திட்டம் சூடிய பெயரிலேயே வரி இருக்கிறது. தஞ்சைக் கல்வெட்டில் இறையிலியாக நின்ற நத்தம், சுமார் ஆயிரம் ஆண்டு கழித்து வரிக் கணக்குக்குள் வந்து சேர்ந்தது.

ஆகவே தரகர் "நத்தம்" என்றதும் எழுந்து ஓட வேண்டியதில்லை. தூய பட்டா யார் பேரில் இருக்கிறது, கூட்டா தனியா என்று பார்க்கலாம். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு எல்லாம் ஒரே குடும்பத்தைக் காட்டுகின்றனவா என்று ஒத்துப் பார்க்கலாம். ஆதிதிராவிடர் நலத்துறை வழங்கிய மனையானால் நிபந்தனை உண்டு. அதைப் படிக்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. பிறகு இருபுறத்து வீட்டாரையும் கூப்பிட்டு, சுவர் யாருடையது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் விழும் என்று கேட்க வேண்டும்.

பட்டா நிலத்துக்கு முதல் சாட்சி காகிதம். நத்தத்துக்கு முதல் சாட்சி அங்கே குடியிருந்தவர்கள். காகிதம் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தது. அவர்களை விசாரிக்காமல் நத்தத்தில் வீடு வாங்குகிறவர், பாதிப் பத்திரத்தைத்தான் படித்திருக்கிறார்.