மதிலோரத்து அமெரிக்கச் செடி

தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் டேனியர் கோட்டையையும் கடலையும் பார்ப்பார்கள். நான் மதிலடியில் குந்திக் களை பார்க்கிறவன். தாவரவியல் நடத்திய காலத்துப் பழக்கம், ஓய்வு பெற்றும் விடவில்லை.

அங்கே முழங்கால் உயரத்தில் ஒரு செடி. பல்பல்லான விளிம்புள்ள இலை, கணுவில் சின்ன மஞ்சள் பூ. மாணவர்கள் பார்த்தவுடன் அரிவாள்மனைப்பூண்டு என்று நோட்டில் எழுதிவிடுவார்கள். பூவைத் திருப்பிப் பாருங்கள் என்பேன். புல்லிக்கு வெளியே இன்னும் மூன்று குறுகிய சிற்றிலைகள் இருக்கும். அரிவாள்மனைப்பூண்டுக்கு அது கிடையாது. லென்ஸை வைத்தால், தண்டின் மயிர் நான்காகக் கிளைத்து நீளவாக்கில் படிந்திருப்பது தெரியும். முற்றிய காய் பத்துப் பன்னிரண்டு துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் உச்சியில் ஒன்று, முதுகில் இரண்டு என மூன்று முள். அதற்கப்புறம் சந்தேகமே வேண்டாம்.

இது மால்வாஸ்ட்ரம் கோரமண்டலியானம். பெயரில் சோழமண்டலக் கரை, பிறந்தகமோ அமெரிக்கா. பிரமதண்டும் அந்தக் கண்டத்துச் செடிதான், ஆனால் அது சித்த மருந்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. இதற்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஆடு மேய்க்கும் அம்மாவிடம் கேட்டேன். "துத்தி ஜாதிதான் சார்" என்றதோடு சரி.

லினேயஸின் மாணவர் கோனிக் தரங்கம்பாடியில் இருந்தவர். அதனால், செடியை அனுப்பி இந்தப் பெயர் வரக் காரணமானவர் அவர்தான் என்று நினைக்கத் தோன்றும். ஆண்டு இடிக்கிறது. லினேயஸ் 'மால்வா கோரமண்டலியானா' என்று அச்சிட்டது 1753-இல். கோனிக் வந்து இறங்கியது 1768-இல்.

ஆனால் இந்தக் கரையின் செடிகள் அதற்கு வெகு முன்பே லண்டன் போகத் தொடங்கிவிட்டன. 1690-களில் சென்னை ஜார்ஜ் கோட்டை மருத்துவர் சாமுவேல் பிரவுன், உள்ளூர்ப் பெயர்களோடு செடிகளைக் கட்டி அனுப்பினார். லண்டனில் ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றை ராயல் சொசைட்டி இதழில் 1698 முதல் வெளியிட்டார். லினேயஸ் கையாண்ட ஆசிரியர்களில் பெட்டிவரும் ஒருவர். ஸ்வீடனில் இருந்த லினேயஸுக்குக் கோரமண்டல் பழகிய பெயரானது கோனிக்கால் அல்ல, இப்படிப்பட்ட கட்டுகளால்தான் என்பது என் கணிப்பு.

1857-இல் தாவரவியலாளர் கார்க்கே இதன் பேரினத்தை மாற்றினார், கோரமண்டலைத் தொடவில்லை. இடம் தவறு என்பதற்காகப் பெயரைத் தள்ளத் தாவரவியல் விதி இடம் கொடுக்காது. மத்தியதரைக் கடலோரத்து சில்லா பெருவியானாவும் இப்படித்தான் இன்றுவரை பெரு நாட்டின் பெயரில் இருக்கிறது.