படியெடுத்த ஓசை

அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் முதலில் தென்படுவது மடித்து வளைத்த ஓர் உலோகத் தகட்டுக் கூடு. அதன் கீழே கனத்த டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டு, பருத்தி நூலுறை போர்த்திய ஒயர்ச் சுருள், சிறு உலோக வளையங்கள் வரிசையாக அடிக்கப்பட்ட கறுத்த பலகை, கைப்பிடி அளவு ரெசிஸ்டர்கள், கண்டென்சர்கள், எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று, பஞ்சில் பொதிந்த கண்ணாடி வால்வுகள் மூன்று. இவற்றை ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஒழுங்காகக் கோத்தால் சுமார் 5 வாட் திறனுள்ள ஒரு கிதார் ஆம்ப்ளிஃபயர் கிடைக்கும். அமெரிக்காவின் ஃபென்டர் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் விற்ற 'சாம்ப்' என்னும் கருவியின் நகல் அது. வால்வு ரேடியோக்கள் பரணுக்குப் போய் அரை நூற்றாண்டு ஆகிவிட்ட காலத்தில், அதே வால்வுகளைக் கொண்டு ஒரு கருவியை மேசைமேல் பரப்பிக் கட்டுகிற மனிதர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இது பழமை மீதான மோகம் என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடலாம். ஆனால் இக்கருவியின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தொடக்கம் முதலே இது படியெடுத்தலின் வழியாக வாழ்ந்துவரும் கருவி. ஏட்டுச்சுவடிகளின் வரலாற்றோடு ஓரளவு பழகிய நமக்கு அந்தக் கதை அந்நியமாகத் தோன்றவில்லை.

வால்வின் வரலாறு 1904இல் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் இங்கிலாந்தில் செய்த இருமுனைக் குழலிலிருந்து தொடங்குகிறது. சூடேறிய இழையிலிருந்து எலெக்ட்ரான்கள் வெற்றிடத்தைக் கடந்து எதிரிலுள்ள தகட்டை அடையும், திரும்பி வாரா. 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் இரண்டிற்கும் நடுவே மூன்றாவது மின்முனை ஒன்றை நுழைத்தார். அதில் ஏற்படும் சிறு மாற்றம் தகட்டுக்குச் செல்லும் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிப் படைத்தது. மதகுப் பலகையைச் சிறிதே உயர்த்தினால் வாய்க்காலில் பெருவெள்ளம் பாய்வதைப் போன்றது இது. கிதார்க் கம்பியின் மெல்லிய அதிர்வு கூடம் நிறையும் ஓசையாவதும் இந்த வகையில்தான். பின்னர் ஆர்.சி.ஏ. போன்ற வால்வு நிறுவனங்கள் தம் சரக்கு விற்க வேண்டி, மாதிரி மின்சுற்றுகள் அடங்கிய கையேடுகளை வெளியிட்டன. ரேடியோ பழுது பார்க்கும் எவரும் அவற்றைப் பார்த்துக் கட்டலாம். முதல் மூலபாடம் என்று ஒன்று இருக்குமானால் அது இக்கையேடுகளில்தான் இருக்கிறது.

அப்படிப் பழுது பார்த்தவர்களுள் ஒருவர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரைச் சேர்ந்த லியோ ஃபென்டர். கணக்கராக வேலை பார்த்தவர். 1938இல் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்தார். 1946இல் தம் பெயரில் நிறுவனம் தொடங்கினார். கிதார் உலகையே மாற்றிய இம்மனிதருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது என்பது சுவையான செய்தி. வாசிப்பவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டுக் கேட்டுத் திருத்துவது அவர் வழக்கம். அத்திருத்தங்களின் தடம் கருவிகளின் பெயர்களிலேயே பதிந்திருக்கிறது. '5எஃப்1' என்பதில் 5 ஐம்பதுகளையும், எஃப் சுற்றின் ஆறாம் திருத்தத்தையும், 1 சாம்ப் என்னும் வகையையும் குறிக்கும். அதற்கு முன் 5சி1, 5டி1, 5இ1 என்று வந்துள்ளன. பாடபேதங்களை இவ்வளவு ஒழுங்காக ஆசிரியரே குறித்துவைப்பது நம் சுவடி உலகில் காணக்கிடைக்காத பேறு!

நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இந்த ஆம்ப்ளிஃபயர்களின் மரப்பெட்டிக்குள் வால்வுகளின் இருப்பிடம் காட்டும் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அமெரிக்கன் டெலிபோன் அண்ட் டெலிகிராஃப், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆகிய நிறுவனங்களின் காப்புரிமைகளுக்கு உரிமம் பெற்றுச் செய்த கருவி என்ற அறிவிப்பும் அதில் உண்டு. ஆக, மூலம் என்று நாம் போற்றும் கருவியே தன்னைப் பிறர் அறிவின் கிளை என்று ஒப்புக்கொள்கிறது. மின்சுற்று வரைபடத்தையும் ஃபென்டர் மறைக்கவில்லை. எங்கோ ஒரு சிற்றூரில் பழுது பார்ப்பவருக்கு அது வேண்டியிருந்தது. அந்த வரைபடத்தாள்கள்தாம் இன்றைய கிட்டுகளுக்கெல்லாம் தாய்ப்பிரதி.

பிரதி கடல் தாண்டிய கதை 1962இல் நிகழ்ந்தது. லண்டனின் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்னும் டிரம்ஸ் ஆசிரியர் இசைக்கருவிக் கடை நடத்திவந்தார். அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்களின் விலை இங்கிலாந்தின் இளம் இசைஞர்களுக்கு எட்டாதது. கடையில் பழுது பார்த்துவந்த கென் பிரானும், இ.எம்.ஐ. நிறுவனத்தில் தொழில் பயின்றுகொண்டிருந்த டட்லி கிரேவன் என்ற இளைஞரும் சேர்ந்து ஃபென்டரின் 'பாஸ்மேன்' 5எஃப்6-ஏ சுற்றை ஏறத்தாழ அப்படியே படியெடுத்தார்கள். கிடைத்த பொருளுக்கேற்ப மாற்றங்கள் நேர்ந்தன. முதல் நிலையில் 12ஏஒய்7 வால்வு இருந்த இடத்தில், அதைவிட இரு மடங்குக்கு மேல் பெருக்கும் ஈசிசி83 வந்து அமர்ந்தது. பத்து அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு இருந்த திறந்த பெட்டிக்குப் பதில், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு கொண்ட மூடிய பெட்டி வந்தது. 'ஜேடிஎம்45' என்று அதற்குப் பெயரிட்டார்கள். படியெடுத்தவர்கள் கைப்பட நேர்ந்த சில வேறுபாடுகளால் முற்றிலும் புதியதொரு குரல் பிறந்துவிட்டது. ஜான் மாயல் குழுவினரின் 1966ஆம் ஆண்டு இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் வாசித்தது மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில்தான். அதன் கனன்ற ஓசை ராக் இசையின் பொதுமொழியாயிற்று.

அந்தக் கனல் எங்கிருந்து வந்தது? லியோ ஃபென்டர் விரும்பியது தெளிவான ஓசையை. ஆனால் வால்வை அதன் எல்லைக்கு மேல் ஓட்டினால் ஒலியலையின் முகடு தட்டையாகி, மூல ஸ்வரத்தில் இல்லாத மேற்சுரங்கள் கிளம்பும். பொறியியல் நோக்கில் இது பிழை. 1951இல் மெம்ஃபிஸ் நகரில் 'ராக்கெட் 88' பாடலைப் பதியச் சென்றவர்களின் ஆம்ப்ளிஃபயர் வழியில் சேதமுற்றது; அதன் கரகரப்போடுதான் பாடல் பதிவானது. 1958இல் 'ரம்பிள்' இசைக்காக லிங்க் ரே தம் ஸ்பீக்கர் தாளில் வேண்டுமென்றே துளையிட்டார். 1947இல் டிரான்சிஸ்டர் கண்டறியப்பட்டு, அது பின்னர் ரேடியோவிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் வால்வை வெளியேற்றியபோது, கிதார் மட்டும் விடாப்பிடியாக வால்வைப் பற்றிக்கொண்டதற்கு இப்பிழையே காரணம். வால்வு மெல்ல மெல்லச் சிதையும். விரல் அழுத்தத்துக்கேற்பச் சிணுங்கும், சீறும். பிழையே அழகான இடத்தில் அதைத் திருத்த யார் முன்வருவார்?

இனி, உதிரிப்பாகங்களாக விற்கும் மரபுக்கு வருவோம். மிச்சிகன் மாநிலத்தின் ஹீத் நிறுவனம் முதலில் வானூர்தி கிட் விற்றது. நிறுவனர் எட்வர்ட் ஹீத் 1931இல் வானூர்தி விபத்தில் இறந்தார். 1935இல் அதை வாங்கிய ஹோவர்ட் அந்தோனி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிந்து கிடந்த இராணுவ மின்னணுப் பாகங்களைக் கொண்டு 1947இல் ஆசிலோஸ்கோப் கிட் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஹீத்கிட்டின் உண்மையான சாதனை அதன் கையேடு. ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு வரி, முடித்ததும் குறியிட ஓர் இடம். எதுவும் அறியாதவரும் படித்துக்கொண்டே கட்டி முடிக்கலாம். 1960களில் அந்நிறுவனம் கிதார் ஆம்ப்ளிஃபயர் கிட்டும் விற்றது. முரண் என்னவென்றால் அது டிரான்சிஸ்டர் வகை. 1992இல் ஹீத்கிட் கிட் விற்பனையை நிறுத்தியது. கருவிகள் மலிந்து, கட்டுவதைவிட வாங்குவது எளிதாகிவிட்ட காலம் அது.

ஆகவே இன்று வால்வு ஆம்ப்ளிஃபயர் கிட் வாங்குவோர் பணம் மிச்சப்படுத்தப் பெரும்பாலும் வாங்குவதில்லை. அவர்கள் எதை வாங்குகிறார்கள்? இக்கேள்விக்கு விடை, பழைய ஃபென்டர் ஆம்ப்ளிஃபயர்களைத் திறந்து பார்த்தவர்கள் கண்ட ஒரு சிறு பொருளில் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. உலோகக் கூட்டின் உட்புறத்தில் ஒட்டுநாடாத் துண்டு ஒன்று. அதில் ஒரு பெண்ணின் முதற்பெயர். லில்லி, லூப்பே என்றெல்லாம் அவை இருக்கின்றன. ஃபுல்லர்ட்டன் தொழிற்சாலையில் மேசை முன் அமர்ந்து ஒயர்களைக் கோத்துப் பற்றவைத்த பெண்கள் அவர்கள். பலர் மெக்சிக்க வழியினர். யார் செய்த கருவி என்று தொழிற்சாலை கண்டுகொள்ள இடப்பட்ட குறி அது. வரலாறு லியோ ஃபென்டரை நினைவில் வைத்தது. ஜிம் மார்ஷலை நினைவில் வைத்தது. டட்லி கிரேவனின் பெயர் ஆர்வலர்களிடையே மட்டும் புழங்குகிறது. லில்லியின் முழுப்பெயர் அந்தக் கூட்டுக்குள் இல்லை. கிட் கட்டுபவர் அறிந்தோ அறியாமலோ வாங்குவது லில்லியின் இருக்கையை.

அந்த இருக்கை விளையாட்டல்ல. சாம்ப் போன்ற சிறிய கருவியினுள்ளும் 300 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்னழுத்தம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். ரெசிஸ்டர் ஒன்றின் வழியே வடித்துவிட்டு, மீட்டரால் அளந்து பார்த்த பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும். முதன்முறை இயக்கும்போது மின்வழியில் ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைப்பது வழக்கம். தவறு இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், கருவி தப்பும். படியெடுப்பவர் மூலத்தை அப்படியே பின்பற்றக் கூடாத இடமும் ஒன்று உண்டு. அக்கால ஆம்ப்ளிஃபயர்கள் இருமுனைப் பிளக் கொண்டவை. பலவற்றில் மின்கம்பிக்கும் உலோகக் கூட்டுக்கும் இடையே ஒரு கண்டென்சர் இருந்தது. அது பழுதானால் வீட்டு மின்சாரம் கிதார்க் கம்பிவரை வந்து வாசிப்பவரைத் தாக்கும். இன்றைய நல்ல கிட்டுகள் அக்கண்டென்சரை நீக்கி, நில இணைப்புள்ள மூன்றுமுனைப் பிளக் தருகின்றன. சில பிழைகளைப் போற்ற வேண்டும். சிலவற்றைத் திருத்தியே ஆக வேண்டும். எது எதுவென்று அறிவதே படியெடுப்பவரின் புலமை.

இம்மரபு நீடிக்கும் என்பதற்கு உறுதியும் இல்லை. ஆர்.சி.ஏ. 1976இல் வால்வு உற்பத்தியைக் கைவிட்டது. பின்னாளில் உற்பத்தி பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளின் விரல்விட்டு எண்ணத்தக்க ஆலைகளில் ஒடுங்கியது. 2022இல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்ய வால்வுகளின் ஏற்றுமதி தடைப்பட்டபோது ஆர்வலர்கள் கலங்கியதில் வியப்பில்லை. ஏடு இருந்தும் எழுத்தாணி இல்லாமற் போகும் நிலை அது.

நம் நாட்டில் ஏடு எழுதியவர்கள் இறுதியில் எழுதி முடித்த நாளையும் தம் பெயரையும் குறித்து, பிழை பொறுக்க வேண்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. நூலாசிரியரை உலகம் அறியும். அந்த ஒரு வரி இல்லையேல் எழுதிய கையை யாரும் அறியமாட்டார். கிட் கட்டி முடிப்பவர் பின்பலகையைத் திருகி மூடும் முன் உள்ளே ஒரு நாடாத் துண்டை ஒட்டிப் பெயரும் தேதியும் எழுதிவைக்கலாம். ஐம்பது ஆண்டுகள் கழித்து, பழுது பார்க்கத் திறப்பவர் அதைப் படிப்பார்.